சன்டெக் மேசைக்கு எது முதலில்: தாளா, அக்ரிலிக்கா?

ஆண்டிறுதியை ஒட்டி சிங்கப்பூரின் சன்டெக் மாநாட்டு மையத்தில் நடக்கும் அனிமே ஃபெஸ்டிவல் ஏஷியா (அனிமே என்பது ஜப்பானிய அசைபடம்) போன்ற பெரிய ரசிகர் விழாவில், தம் படைப்புகளை விற்க முதன்முறையாக மேசை எடுக்கும் ஓவியர்களைக் குழப்புவது ஒரு கேள்விதான். கையிலிருக்கும் சில நூறு வெள்ளியைத் தாளில் அச்சிட்ட படங்களில் போடுவதா, அக்ரிலிக் எனும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கில் படம் பதித்த சாவிக்கொத்துகளில் போடுவதா? என் வாக்கு தாளுக்கே. ஆனாலும் சாவிக்கொத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது.

அது உள்ளங்கையில் அடங்கும், நவம்பர் மழைக்கு அஞ்சாது. வாங்கியவர் அங்கேயே பையில் மாட்டிக்கொண்டு அரங்கைச் சுற்றுவார், காசில்லா விளம்பரம். தொல்லையெல்லாம் செய்து வாங்குவதில்தான். பலர் சீன ஆலைகளிடம் கொடுக்கிறார்கள். அக்டோபர் முதல் வாரம் அங்கே தேசிய நாள் விடுமுறை. நவம்பர் 11 இணைய விற்பனை வந்தால் பொட்டலங்கள் தேங்கும். ஆகஸ்ட்டிலேயே ஓவியத்தின் கணினிக் கோப்பினை ஆலைக்கு அனுப்பிவிடுவது நல்லது. அந்தக் கோப்பில் வண்ணத்துக்கு அடியில் வரவேண்டிய வெள்ளை மை அடுக்கைக் குறிக்கத் தவறினால், வெளிச்சம் ஊடுருவிக் கதாபாத்திரத்தின் முகமே வெளிறிவிடும். பெட்டியைப் பிரித்த பிறகுதான் அது தெரியும். அப்போது திருத்த நாள் இருக்காது. இன்னொன்று: 2023 முதல், வரிக்குப் பதிவுசெய்த விற்பனையாளரிடமோ இணையச் சந்தையிலோ வாங்கும் 400 வெள்ளிக்கு உட்பட்ட இறக்குமதிக்கும் பொருள் சேவை வரி உண்டு, இப்போது 9 விழுக்காடு.

தாளில் இந்தப் பதற்றம் குறைவு. பிராஸ் பசா காம்பிளெக்சிலோ சன்ஷைன் பிளாசாவிலோ உள்ள அச்சகத்தில் ஒரு மாதிரி எடுத்துப் பார்க்கலாம். திரையில் மின்னிய இளஞ்சிவப்பு, நான்கு வண்ண மையில் மங்கித்தான் வரும். அதை அங்கேயே நின்று சரிசெய்யலாம். ஏ3 அளவுக்கு 300 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) 3508க்கு 4961 பிக்சல், அதற்கு மேல் சுற்றிலும் வெட்டி எடுக்க 3 மில்லிமீட்டர் கூடுதல் விளிம்பு. ஒவ்வொரு படத்திலும் பத்தே பிரதி போதும். முதல் நாளே ஒன்று தீர்ந்துவிட்டால், அச்சகத்தின் வார இறுதி நேரத்தை முன்பே கேட்டு வைத்திருந்தால், மறுபடி அடித்துக்கொள்ளலாம். பிராஸ் பசா ரயில் நிலையத்திலிருந்து சன்டெக்கை அடுத்த எஸ்பிளனேட் நிலையத்துக்கு வட்டப் பாதையில் ஒரே நிறுத்தம்.

கூட்டத்தில் கண்ணில் படுவதும் தாள்தான். மூன்று வரிசைத் தலைகளுக்குப் பின்னால் நிற்பவருக்குச் சாவிக்கொத்து எங்கே தெரியும்? கம்பித் தட்டியில் தலைக்கு மேல் மாட்டிய ஏ3 படம் அவரை மேசைக்கு இழுத்து வரும். வந்தவர் அதை வாங்குவாரா என்பது வேறு விஷயம். நாள் முழுக்க நெரிசலில் எப்படித் தூக்கிக்கொண்டு திரிவது என்று தயங்குவார். ஆகவே மாட்ட ஏ3, விற்க ஏ4. ஏ4 கோப்புறைக்குள் போகும். ஈரக் காற்றில் சுருளாமலிருக்கப் பின்னால் ஓர் அட்டையும் மேலே பிளாஸ்டிக் உறையும் வேண்டும்.

ஸ்டிக்கர் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. வெறுங்கையோடு போக மனமில்லாதவர் வாங்குவார். பிறர் படைத்த கதாபாத்திரங்களை வரைபவர்கள் மட்டும் பதிப்புரிமையையும் ஏற்பாட்டாளரின் விதிகளையும் படித்துவிட்டு அச்சுக்குப் போங்கள்.

இணையத்தில் ஏற்கெனவே வாசகர் வட்டம் சேர்த்து, பேநவ் எனும் உடனடிப் பணப் பரிமாற்றச் சேவை வழியாக முன்பதிவுப் பணம் வாங்க முடிந்தவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. எத்தனை விற்கும் என்பது தெரிந்துவிட்டதால், அவர்கள் சாவிக்கொத்து ஆலைக்கே முதலில் எழுதலாம்.