திருவிருந்துக்கு 40 கிண்ணத் தட்டு: வாங்குமுன் கமிட்டி பார்க்கவேண்டியவை

திருவிருந்தில் அப்பத்தோடு திராட்சைச் சாறோ மதுவோ பருகுவதற்கு, கொரோனா காலத்தில் பல கிறிஸ்தவ சபைகள் எல்லாரும் வாய்வைக்கும் ஒரே பாத்திரத்தை விட்டு ஆளுக்கொரு சிறு கிண்ணத்துக்கு மாறின. இதற்காக அதிகம் விற்பது 40 குழிகள் உள்ள வட்டத் தட்டு. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம், மேலே ஒரு மூடி வரும். எவர்சில்வரில் வாங்குங்கள். அலுமினியம் திராட்சைப் புளிப்பில் மங்கிப்போகும், பொன்முலாம் தேய்த்துக் கழுவக் கழுவ உரியும்.

கிண்ணம் கண்ணாடியாக இருக்கட்டும். 200 பேர் வரும் சபையில் மாதம் ஒருமுறை திருவிருந்து என்றாலே ஆண்டுக்கு 2,400 பிளாஸ்டிக் கிண்ணங்கள் குப்பைக்குப் போகும். அழுத்திப் பிடித்தால் அவை விரிசல்விடும், விளிம்பு உதட்டைக் கீறும்.

கடையிலேயே கிண்ணத்தைக் குழியில் வைத்து எடுத்துப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் எடுக்கும்போது சிந்தும். கை நடுங்கும் முதியவருக்கு எல்லார் முன்பும் அது சங்கடம். இரண்டு தட்டை அடுக்கி, மேல்தட்டின் அடி கீழ்க்கிண்ணங்களில் இடிக்கிறதா என்றும் பார்க்கவேண்டும்.

கிண்ணத்துக்கு 7 மில்லி போதும். சிந்துவதையும் சேர்த்துத் தட்டுக்கு 300 மில்லி. 200 பேருக்கு 5 தட்டு, ஒன்றரை லிட்டர். ரப்பர் குமிழ் வைத்த நிரப்பி இருந்தால் அளவு ஒன்றுபோல விழும். முந்தின இரவே நிரப்பிவைத்தால் எறும்பும் பழ ஈயும் வந்துவிடும். ஆராதனை முடிந்ததும் வெந்நீரில் கழுவிக் கவிழ்த்துவிடுங்கள். சாறு காய்ந்தால் அடியில் கறை பிடிக்கும்.

பொருளாகப் பார்த்தால் நல்ல தட்டு. ஆனால் நம் ஊர்ச் சபைகளில் இதற்கு வேறொரு உபயோகமும் உண்டு. ஒரே பாத்திரம் சுற்றிவரும்போது யார் யாருக்குப் பின் வாய்வைக்கிறார் என்பது பகிரங்கம். இன்ன தெருக்காரர் குடித்த பிறகு குடிக்க மனமில்லாதவர் பாத்திரத்தைத் தள்ளிவிட்டால் அதுவும் தெரிந்துவிடும். தனிக் கிண்ணம் வந்ததும் அந்த மனம் மாறாமலே மறைந்துகொள்ளலாம், சுகாதாரம் என்ற பெயரில். டீக்கடை இரட்டைக் குவளையைப் பார்த்த ஊர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. 1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சாதி வேற்றுமையைச் சபையில் அடியோடு விடவேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியபோது தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சபையையே விட்டு விலகினார்கள். கர்த்தருடைய பந்தியில் சமமாக இருப்பது அவ்வளவு கடினமாக இருந்தது. பைபிள் காலத்துக் கொரிந்து சபையிலும் வசதியுள்ளவர்கள் முந்திச் சாப்பிட, இல்லாதவர்கள் பசியோடு நின்றார்கள். பவுல் அதைத் தேவனுடைய சபையை அசட்டைபண்ணுவது என்றே கண்டித்தார் (1 கொரிந்தியர் 11).

ஆகவே தட்டோடு சில முறைகளையும் கமிட்டி ஏற்கவேண்டும். அப்பம் ஒன்றாகவே இருக்கட்டும், சபை பார்க்கப் பிட்கப்படட்டும். சாறு முழுவதும் பீடத்தில் ஒரே கூஜாவில் இருந்து, அங்கிருந்தே தட்டுகளுக்குப் போகட்டும். ஆயருக்கு வெள்ளிக் கிண்ணம், சபைக்குக் கண்ணாடிக் கிண்ணம் என்ற பிரிவு வேண்டாம். முன்வரிசைக்கு இந்தத் தட்டு, பின்வரிசைக்கு அந்தத் தட்டு என்று நிரந்தரமாக ஒதுக்காமல், பரிமாறத் தொடங்கும் பக்கத்தை மாதந்தோறும் மாற்றுங்கள். தட்டேந்துகிறவர்கள் எல்லாத் தெருக்களிலிருந்தும் வரவேண்டும். இதில்தான் அதிகமாகத் தவறுகிறோம். சிலரின் கையிலிருந்து வாங்க மற்றவர்கள் தயங்குகிறார்கள் என்று அந்தச் சிலரைத் தட்டேந்தவிடாமல் ஒதுக்குவது, தயங்குகிறவரின் பாவத்துக்கு ஒதுக்கப்பட்டவரைத் தண்டிப்பது.

சக்கர நாற்காலியில் இருப்பவரிடம் கடைசியில் தட்டைக் கொண்டுபோகாதீர்கள். தட்டு அவர் வரிசைக்கு வரும்போதே கொடுங்கள். பார்வையற்றவரிடம் பெயர் சொல்லி, கிண்ணத்தை விரல்களில் வைக்கவேண்டும். மது தரும் சபையில் குடியிலிருந்து மீண்டவர்களுக்கென்று தட்டின் நடுவட்டத்தில் மட்டும் சாறு வைப்பதுண்டு. நல்லெண்ணம்தான், ஆனால் நடுவே கைநீட்டுகிறவரை எல்லாரும் கவனிப்பார்கள். எல்லாக் கிண்ணத்திலும் சாறே ஊற்றிவிட்டால் ஒருவரும் அடையாளப்படமாட்டார்.

அப்பமும் சாறும் சேர்த்து முத்திரையிட்ட பொட்டலக் கிண்ணம் மருத்துவமனைக்கும் படுக்கையில் இருப்பவருக்கும் உதவும். ஞாயிறு ஆராதனைக்கு அதை வாங்கவேண்டாம். மேல்தாள் முதியவர்களுக்குக் கிழியாது, ஒருவர் கையிலிருந்து ஒருவர் வாங்கும் அந்த ஒரு நிமிடமும் போய்விடும்.