சிக்கிய பூட்டு நட்டுகளைக் கழற்றும் சாக்கெட் தொகுப்பு: நான்கு சக்கரங்களில் கண்டது

காரின் சக்கரத்தை யாரும் திருடிச் செல்லக் கூடாது என்பதற்காகச் சக்கரத்துக்கு ஒன்றாகப் பொருத்தப்படும் பூட்டு நட்டு, அதன் சாவி (நட்டின் முகப்பு வடிவத்தோடு பொருந்தி அதைத் திருப்பும் தனிக் கருவி) பழுதாகிவிட்டால், காருக்குச் சொந்தக்காரரையே சக்கரத்தைத் தொட விடாது. என் காரில் அதுதான் நேர்ந்தது. டயர் மாற்றக் கொடுத்திருந்த இடத்தில் சாவியை இம்பாக்ட் கன்னில் மாட்டி நட்டுகளை முடுக்கியிருக்கிறார்கள். பல நூறு நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையை அடி அடியாகச் செலுத்தும் அந்தக் கருவிக்காகச் செய்யப்பட்டதல்ல பூட்டு நட்டின் சாவி. அடுத்த முறை நான் கையால் கழற்ற முயன்றபோது சாவியின் உட்புற அலைவடிவம் நொறுங்கி, நட்டின் மீது வழுக்கியது. நட்டுகளின் முகப்பிலிருந்த பள்ளங்களும் அதற்குள் மழுங்கிப்போயிருந்தன. அவை சிதையாமல் இருந்திருந்தால் சாவியின் குறியீட்டு எண்ணைக் கொடுத்துப் புதுச் சாவி வாங்கியிருப்பேன். அதுவே எப்போதும் முதலில் செய்யவேண்டியது. அந்த வழி அடைபட்ட பிறகுதான் இந்தத் தொகுப்பை வாங்கினேன்.

இதில் 17 முதல் 27 மில்லிமீட்டர் வரையிலான ஏழு கறுப்புச் சாக்கெட்டுகளும் (நட்டின் மீது மாட்டித் திருப்பும் குழல்கள்), உள்ளே சிக்கும் நட்டைத் தட்டி வெளியேற்ற ஓர் எஃகுக் கம்பியும் உள்ளன. எல்லாம் அரை அங்குலக் கைப்பிடிக்குப் பொருந்துபவை. சாதாரண சாக்கெட்டின் உட்புறம் அறுகோணமாக இருக்கும். இவற்றின் உட்புறத்திலோ கூர்மையான விளிம்புகள் சுருளாக ஓடுகின்றன. நட்டின் வெளிச்சுற்றின் மீது சாக்கெட்டைச் சுத்தியலால் அடித்து ஏற்றி, கழற்றும் திசையில், அதாவது இடஞ்சுழியாகத் திருப்பினால், அந்தச் சுருள் சாக்கெட்டை மேலும் மேலும் நட்டின் மீது இழுத்துச் செல்கிறது. நட்டு எவ்வளவு எதிர்க்கிறதோ அவ்வளவு ஆழமாக விளிம்புகள் கடிக்கின்றன. நட்டின் முகப்பிலுள்ள வடிவம் என்னவாக இருந்தாலும் இதற்குக் கவலையில்லை; பிடிப்பதற்கு வெளிச்சுற்று இருந்தால் போதும்.

வெற்றியும் தோல்வியும் அளவைத் தேர்ந்தெடுப்பதில்தான் இருக்கின்றன என்பதைத் தொகுப்போடு வந்த துண்டுத்தாள் சொல்லவே இல்லை. கையால் தள்ளினாலே நட்டின் மீது முழுவதும் ஏறிவிடும் சாக்கெட் பயனற்றது; அது நட்டைச் சுரண்டிவிட்டுச் சுழலும், சுரண்டப்பட்ட நட்டு அடுத்த முயற்சிக்கு இன்னும் சிறுத்துப்போயிருக்கும். நட்டின் விளிம்பில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மட்டுமே உட்கார்ந்து, அதற்கு மேல் அடித்தால்தான் ஏறுவேன் என்று நிற்கும் சாக்கெட்டே சரியானது. என் நட்டுகளுக்கு 22 தளர்வாக இருந்தது, 21 பொருந்தியது.

முதல் மூன்று சக்கரங்களிலும் வேலை எதிர்பார்த்ததைவிட எளிதாக முடிந்தது. கார் தரையில் நிற்கும்போதே, கைப்பிரேக்கைப் போட்டு, சக்கரங்களுக்கு அடை கொடுத்துவிட்டுத்தான் நட்டைத் தளர்த்த வேண்டும்; ஜாக்கியில் ஏற்றிய காரில் இவ்வளவு விசையைச் செலுத்துவது ஆபத்து. அதே சக்கரத்தின் மற்ற நட்டுகளை முதலில் கழற்றிவிட்டால் சக்கரத்தின் அழுத்தம் முழுவதும் பூட்டு நட்டின் மீது விழுந்து அது இன்னும் இறுகும் என்பதால், அவற்றை முறையான அளவுக்கு முடுக்கியே வைத்திருந்தேன். பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு, கனமான சுத்தியலால் நேராக நாலைந்து அடி. கெட்டிப்படுத்திய எஃகின் மீது எஃகு மோதும்போது சில்லு தெறிக்கும். கண்ணாடி இல்லாமல் இந்த வேலையைத் தொடவே கூடாது. அடியின் அதிர்வு சக்கரத்தின் பேரிங்கு வரை செல்வதால், தேவைக்கு மேல் ஓர் அடிகூட அடிக்காமல் இருப்பதும் நல்லது. பிறகு 60 சென்டிமீட்டர் நீளமுள்ள பிரேக்கர் பாரை (இறுகிய நட்டைத் தளர்த்தும் நீளக் கைப்பிடியை) மாட்டி, உடலின் எடையைச் சீராகக் கொடுத்தேன். அந்த நீளத்தின் முனையில் 40 கிலோ எடையைக் கொடுத்தாலே ஏறத்தாழ 240 நியூட்டன் மீட்டர் கிடைத்துவிடும். 'படக்' என்ற ஒலியோடு நட்டு இளகியது. டார்க் ரெஞ்சை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. அது அளந்து முடுக்குவதற்கான கருவி, இப்படிப்பட்ட வேலையில் அதன் அளவே கெட்டுவிடும்.

நான்காவது சக்கரத்தில் சாக்கெட் வழுக்கியது. பிழை கருவியுடையதல்ல, அலாய் வீலின் குழிக்குள் அது சற்றே சாய்ந்து ஏறியிருந்ததை நான் கவனிக்கவில்லை. வெளியே எடுத்து, நட்டின் மீது ஒட்டியிருந்த சுரண்டல்களைத் தட்டிவிட்டு, மறுபடியும் நேராக அடித்து ஏற்றியபோது பிடித்துக்கொண்டது. இந்த இடத்தில்தான் தொகுப்பின் முதல் குறையும் தெரிந்தது. சாக்கெட்டின் சுவர் தடிமனாக இருப்பதால், ஆழமும் குறுகலுமான குழியில் அது சக்கரத்தின் ஓரத்தை உரசுகிறது. என் சக்கரத்தில் பெயிண்ட் சிறிது போனது. சாக்கெட்டின் வெளிப்புறத்தில் மெல்லிய டேப் சுற்றியிருந்தால் அதுவும் போயிருக்காது.

இரண்டாவது குறை அந்தத் தட்டும் கம்பி. கழன்ற நட்டு சாக்கெட்டுக்குள்ளேயே இறுகி நிற்கும். சாக்கெட்டை வைஸில் பிடித்து, பின்புறத்துச் சதுரத் துளை வழியாகக் கம்பியை விட்டுத் தட்டி அதை வெளியேற்ற வேண்டும். தொகுப்போடு வந்த கம்பி இரண்டாவது நட்டிலேயே வளைந்துவிட்டது. நல்ல எஃகில் சாக்கெட்டுகளைச் செய்தவர்கள் இதில் சிக்கனம் பிடித்தது வருத்தமாக இருக்கிறது, ஏனெனில் நட்டு வெளியே வராவிட்டால் அடுத்த சக்கரத்துக்குச் சாக்கெட்டே இல்லை. என்னிடமிருந்த பழைய 'பஞ்ச்' (தட்டி வெளியேற்ற உதவும் உறுதியான எஃகுக் கம்பி) ஒன்றைக் கொண்டு மீதி வேலையை முடித்தேன்.

வாங்க நினைப்பவர்கள் தங்கள் நட்டு எந்த வகை என்பதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். சில பூட்டு நட்டுகளின் வெளிப்புறத்தில் தனியாகச் சுழலும் வளையம் ஒன்று இருக்கும். இத்தகைய சாக்கெட்டுகளை முறியடிக்கவே அது வைக்கப்பட்டிருக்கிறது. நண்பர் ஒருவரின் காரில் இதே தொகுப்பை முயன்றபோது, சாக்கெட் வளையத்தை நன்றாகவே கடித்தது. வளையம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது, நட்டு அசையவில்லை. உளியால் வளையத்தைப் பிளந்து எடுத்த பின், உள்ளிருந்த மையப் பகுதியின் மீது 17 அளவை அடித்து ஏற்றியதும் அது கழன்றது. அந்த ஒரு நட்டுக்கு மட்டும் பாதி நாள் ஆனது. பழக்கமில்லாதவர்கள் அந்த வகையை அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் விட்டுவிடலாம். கேஸ் டார்ச் போன்ற சூட்டுக் கருவியால் நட்டைச் சூடேற்றும் யோசனையை மட்டும் யார் சொன்னாலும் ஏற்க வேண்டாம். பக்கத்திலேயே டயரும், சூட்டில் வலிமை இழக்கும் அலுமினியச் சக்கரமும் இருக்கின்றன.

கழற்றிய நான்கின் இடத்தில் சாதாரண நட்டுகளைப் போட்டேன். மரையின் அளவு ஒத்துப்போவது மட்டும் போதாது, நட்டு சக்கரத்தில் உட்காரும் பகுதி கூம்பா, கோளமா என்பதும் பழையதோடு பொருந்த வேண்டும்; மாறினால் முடுக்கியதுபோல் தோன்றி, ஓட்டத்தில் தளரும். காரின் கையேடு சொல்லும் முறுக்குவிசைக்கு டார்க் ரெஞ்சால் முடுக்கி, சுமார் 50 கிலோமீட்டர் ஓட்டிய பின் மறுபடியும் சரிபார்த்தேன்.

ஐந்து நட்டுகளைக் கழற்றிய பிறகு 21 அளவுச் சாக்கெட்டின் விளிம்புகள் சற்று மழுங்கியிருக்கின்றன, ஆனால் இன்னும் கடிக்கும். மற்றவற்றில் 17 தவிர எதுவும் பயன்படவில்லை. ஏழுக்குப் பதில் ஐந்து சாக்கெட்டுகளும் ஓர் உறுதியான கம்பியும் கொடுத்திருந்தால் இதை ஒரு குறையும் சொல்லாமல் பரிந்துரைத்திருப்பேன். இப்போதும் பரிந்துரைக்கிறேன், கூடவே நல்ல எஃகு 'பஞ்ச்' ஒன்றையும் வாங்கிக்கொள்ளுங்கள் என்ற ஒரே நிபந்தனையோடு.