சோனி எக்ஸ்எம்4: விளக்கு அணைந்தால் சார்ஜ் நிறைந்துவிட்டதா?

சோனி டபிள்யூஎச்-1000எக்ஸ்எம்4 ஹெட்ஃபோன் வெளிவந்தது 2020 ஆகஸ்டில். அதன் ஒலியைப் பற்றியும் இரைச்சல் நீக்கத்தைப் பற்றியும் ஏராளமாக எழுதியாயிற்று. நாள்பட வைத்திருப்பவர்களை உறுத்துவது வேறொன்று. கேபிளைச் செருகினோம், விளக்கு எரிந்தது, திரும்பி வந்து பார்த்தால் அணைந்திருக்கிறது. சார்ஜ் நிறைந்ததா, பாதியில் நின்றதா?

இந்தக் குழப்பம் வடிவமைப்பிலேயே இருக்கிறது. சார்ஜ் ஏறும்போது விளக்கு எரியும், முடிந்ததும் தானாக அணையும். முடிந்துவிட்டது என்று சொல்லத் தனி நிறம் கிடையாது. போஸ் நிறுவனத்தின் க்யூசி35 ஹெட்ஃபோனில் ஏறும்போது ஆரஞ்சு மஞ்சள் சிமிட்டும், நிறைந்தால் பச்சை நிலையாக நிற்கும், தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். எக்ஸ்எம்4இல் நிறைந்தாலும் இருட்டு, கேபிள் நழுவினாலும் இருட்டு, சுவரில் ஸ்விட்ச் போட மறந்தாலும் இருட்டு. போதாததற்கு, சார்ஜில் இருக்கும்போது ஹெட்ஃபோன் ஆஃப் ஆகிவிடும், புளூடூத் இருக்காது. அதனால் அந்த நேரத்தில் ஃபோனில் சதவீதம் பார்க்கவும் வழியில்லை. இவ்வளவு விலையுள்ள பொருளில் ஒரு பச்சை விளக்கு வைத்திருக்கலாம்.

சந்தேகம் வந்தால் செய்ய வேண்டியது எளிது. ஹெட்ஃபோன் பக்கம் கேபிளை உருவி, ஐந்து விநாடி விட்டு மறுபடி செருகுங்கள். பேட்டரி நிறைந்திருந்தால் பெரும்பாலும் விளக்கு எரிந்து சற்று நேரத்தில் அணைந்துவிடும். அரை மணி நேரமாகியும் எரிந்துகொண்டே இருந்தால், முன்பு பாதியில்தான் நின்றிருக்கிறது. எரியவே இல்லையென்றால் கேபிளையும் அடாப்டரையும் மாற்றிப் பாருங்கள். பிறகு கேபிளை எடுத்துவிட்டு ஹெட்ஃபோனை ஆன் செய்து, காதில் வைத்தபடி பவர் பட்டனை ஒருமுறை லேசாக அழுத்துங்கள். சுமார் எத்தனை சதவீதம் என்று குரல் சொல்லும். அழுத்திப் பிடித்துவிடாதீர்கள், ஆஃப் ஆகிவிடும்.

கேபிளை எடுத்து ஃபோனோடு இணைத்த பிறகு, ஃபோன் காட்டும் பேட்டரி எண்ணைக் கொஞ்சம் தள்ளியே நம்ப வேண்டும். புளூடூத் ஹெட்செட்டுகள் பேட்டரி அளவைச் சொல்லப் பரவலாகப் பயன்படுத்தும் முறை ஐஃபோனுக்காக ஆப்பிள் வகுத்தது. அதில் 0 முதல் 9 வரை பத்துப் படிகள்தான் உண்டு. ஆண்ட்ராய்டும் 8.1 முதல் ஹெட்செட்டின் பேட்டரியைத் திரையில் காட்டுகிறது. இந்த முறையில் வரும் 100 என்பது உச்சப் படியில் இருக்கிறது என்ற செய்தி, அவ்வளவே. கடைசிச் சொட்டு வரை ஏறியதா என்று அதிலிருந்து தெரியாது.

அந்தக் கடைசிக் கட்டம்தான் பலரை ஏமாற்றுகிறது. ஹெட்ஃபோனில் இருக்கும் லித்தியம் அயான் பேட்டரி செல்லில் முதலில் மின்னோட்டம் சீராகப் பாயும். மின்னழுத்தம் சுமார் 4.2 வோல்ட்டைத் தொட்டதும் அதை அங்கேயே நிறுத்தி, ஓட்டத்தைச் சார்ஜர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கும். ஆரம்ப ஓட்டத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியதும் நிறைந்தது என்று முடிக்கும் சார்ஜர் சில்லுகள் ஏராளம். ஹெட்ஃபோன் பேட்டரி சிறியது என்பதால் முடிவில் பாய்வது சில பத்து மில்லி ஆம்பியர்தான். பவர் பேங்க் பலவற்றுக்கு இது கண்ணில் படாது. எதுவும் செருகியிருக்கவில்லை என்று நினைத்து அது வெளியீட்டை நிறுத்திவிடும், ஹெட்ஃபோன் விளக்கும் அணைந்துவிடும். பார்ப்பவருக்கு எல்லாம் முடிந்தது போலவே இருக்கும். பவர் பேங்கில் போட்டால் அதன் விளக்கையும் பாருங்கள். இரண்டும் சேர்ந்து அணைந்திருந்தால் சந்தேகப்படுங்கள். சிறு மின்னோட்டத்திலும் அணையாத குறைந்த ஓட்ட முறை உள்ள பவர் பேங்க் என்றால் பட்டனை அழுத்தி அந்த முறைக்கு மாற்றிக்கொள்ளலாம். அடிக்கடி குழம்புகிறவர்கள் மின்னோட்டத்தை அளந்து காட்டும் விரல் நீள யூஎஸ்பி மீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. அடாப்டருக்கும் கேபிளுக்கும் நடுவில் செருகினால் 0.40, 0.25, 0.08 என்று ஆம்பியர் இறங்குவது கண்ணுக்கு நேரே தெரியும். மெல்ல இறங்கிச் சுழியத்தை ஒட்டி நின்றால் நிறைந்தது. 0.40இலிருந்து ஒரே தாவலில் சுழியம் என்றால் மின்சாரம் நடுவில் துண்டிக்கப்பட்டிருக்கிறது.

விளக்கு விட்டுவிட்டுச் சிமிட்டினால் அது வேறு கதை. எக்ஸ்எம்4 சார்ஜ் ஏற்கச் சுற்றுப்புற வெப்பம் 5 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும் என்கிறது சோனி. அதைத் தாண்டினால் சிமிட்டி எச்சரிக்கும். மே மாத மதியத்தில் மொட்டை மாடிக்கு அடியிலுள்ள அறையோ, வெயிலில் நிறுத்திய காரோ அந்த எல்லையைச் சுலபமாகத் தாண்டும். எடுத்து ஆறவைத்து மாலையில் போடுங்கள்.

வருடங்கள் போகப் போக, நிறைந்தது என்ற சொல்லின் அளவே சுருங்குகிறது. புதிதில் காலியிலிருந்து நிறைய சுமார் 3 மணி நேரம். இரைச்சல் நீக்கத்துடன் 30 மணி நேரம் பாடும். நல்ல அடாப்டரில் போட்டும் ஒன்றரை மணியிலேயே விளக்கு அணைகிறது, மேலே சொன்ன சோதனைகளும் நிறைந்தது என்றே காட்டுகின்றன என்றால், விளக்கில் பிழையில்லை, பேட்டரி தேய்ந்திருக்கிறது. வழக்கமான ஒலி அளவில் கேட்டு மொத்த மணி நேரத்தைக் குறித்துவையுங்கள். 30க்கு 18 என்றால் மிச்சமிருப்பது ஏறக்குறைய 60 சதவீதக் கொள்ளளவு.

பச்சை விளக்கு உள்ள ஹெட்ஃபோன்களிலும் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். ஆப்பிளின் ஏர்பாட்ஸ் மேக்ஸ் ஹெட்ஃபோனில் கேபிள் செருகியிருக்கும்போது தெரியும் பச்சைக்கு 95 சதவீதத்துக்கு மேல் என்று பொருள். கேபிள் இல்லாமல் பட்டனை அழுத்தினால் வரும் அதே பச்சைக்கு 15க்கு மேல் என்றுதான் பொருள். இதை அறியாமல் பயணத்துக்குக் கிளம்பி நடுவழியில் ஆஃப் ஆனால், பழி பேட்டரியின் மேல் விழும்.

மாதக்கணக்கில் பெட்டியில் கிடந்த எக்ஸ்எம்4ஐச் செருகியவுடன் விளக்கு எரியாவிட்டால் பதற வேண்டாம். அடிமட்டம் வரை இறங்கிய செல் கொஞ்சம் எழும்பிய பிறகே விளக்கு எரியும். சில நிமிடம் விட்டுப் பாருங்கள். பயன்படுத்தாமல் வைப்பதாக இருந்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சார்ஜ் போட்டு எடுத்து வையுங்கள்.