ஃபோர் ஸ்ட்ரோக் ஸ்க்ரம்ப்ளரை நம்பி விட ஒரு மோட்டார் கடை

மலேசியாவில், சிலாங்கூரின் பத்தாங் பெர்ஜுந்தையில் ஒரு மோட்டார் பழுதுபார்க்கும் கடை இருக்கிறது. ரோட்டுப் பலகையில் ஊர்ப் பெயர் பெஸ்தாரி ஜெயா என்று மாறிப் பல வருடமாகிவிட்டது, எங்களுக்கு இன்னும் பெர்ஜுந்தைதான். கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. பின்வரிசைக் கடைவீடு, வாசலில் எப்போதும் நாலைந்து ஈஎக்ஸ்5 நிற்கும். தோட்டத்து ஆட்கள் காலையில் விட்டுவிட்டு வேலை முடிந்ததும் எடுத்துப் போகிற மோட்டார்கள். அவற்றுக்கு நடுவே ஒரு ஸ்க்ரம்ப்ளர், அதாவது மண்மேட்டில் ஓட்டும் மோட்டோகிராஸ் வண்டி, ஸ்டாண்டில் ஏறி நின்றால் நீங்கள் சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறீர்கள்.

நான் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஸ்க்ரம்ப்ளர். என்னுடையது கைமாறி வந்த 2007 ஹோண்டா சிஆர்எஃப்250ஆர். கிக் ஸ்டார்ட் மட்டும்தான். காலையில் ஒருவழியாகப் பிடித்துக்கொள்ளும். சூடான பிறகு நின்றுவிட்டால் ஹாட் ஸ்டார்ட் லீவரை இழுத்துப் பிடித்து எவ்வளவு உதைத்தாலும் அசையாது. தள்ளிவிட்டால் மட்டும் ஓடும். முன்பு போன ஒரு கடையில் கார்புரேட்டரைக் கழுவி, ஜெட் மாற்றி, காசு வாங்கினார்கள். இன்னொரு கடையில் “வால்வு செட் பண்ணியாச்சு” என்றார்கள், என்ன அளவு இருந்தது, என்ன அளவு வைத்தார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கொஞ்ச நாளில் பழைய கதைதான்.

இந்தக் கடை அண்ணன் வண்டியைத் தொடுவதற்கு முன்பே ஒரு கேள்வி கேட்டார். “தள்ளினா ஸ்டார்ட் ஆகுதா தம்பி?” ஆகும் என்றேன். “அப்ப கார்ப விடு. இன்டேக் வால்வு மேல ஏறியிருக்கும். வண்டி இங்கயே நிக்கட்டும், நாளைக்குக் காலையில அளந்து பாப்போம்.” இன்ஜின் நன்றாகக் குளிர்ந்த பிறகுதான் வால்வு கிளியரன்ஸ், அதாவது மூடிய வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி, அளக்க வேண்டும். அவசரம் என்று சொன்னாலும் சூட்டோடு அவர் திறக்க மாட்டார்.

மறுநாள் அவர் அளந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பிஸ்டனை மேல் உச்சிக்குக் கொண்டுவந்து, குறி சரியாக நிற்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தார். இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜை நுழைத்து, இழுத்து, அடுத்த தகட்டை எடுத்து, மறுபடி நுழைத்தார். ஒவ்வொரு எண்ணையும் 555 என்ற சின்னக் குறிப்புப் புத்தகத்தில் எழுதினார். இந்த வண்டிக்கு இன்டேக் (காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும் வால்வு) 0.12, எக்ஸாஸ்ட் (புகை வெளியே போகும் வால்வு) 0.28 மில்லிமீட்டர் இருக்க வேண்டும், இரண்டிலும் 0.03 கூடலாம், குறையலாம். என்னுடையதில் எக்ஸாஸ்ட் சரியாக இருந்தது. இன்டேக் இடது பக்கம் 0.03, வலது பக்கம் 0.05. இன்ஜின் சூடேறினால் அந்த இடைவெளியும் போய்விடும், வால்வு முழுதாக மூடாது, கம்ப்ரஷன் நிற்காது. உதைத்து ஓடாத வண்டி தள்ளினால் ஓடியதன் காரணம் இதுதான்.

அப்புறம் கேம் செயின் குழிக்குள் ஒரு சுத்தமான துணியைத் திணித்தார். ஷிம், அதாவது வால்வு இடைவெளியைச் சரிசெய்ய வைக்கும் தகடு, கையிலிருந்து நழுவி உள்ளே விழுந்தால் பெரிய வேலை. காந்தத்தால் ஷிம்மைத் தூக்கி மைக்ரோமீட்டரில் வைத்தார். சட்டைப் பொத்தானை விடச் சின்னத் தகடு அது, 0.025 மில்லிமீட்டர் வித்தியாசத்தில் வரிசையாகக் கிடைக்கும். இன்னும் மெல்லிய ஷிம் போட்டு அன்றைக்கே என்னை அனுப்பியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. “ஏற்கெனவே யாரோ ஷிம் குறைச்சிருக்காங்க. திரும்பவும் குறைச்சா வால்வு நல்லாயிடாது” என்றார்.

இந்த வண்டியின் இன்டேக் வால்வு டைட்டேனியம். மேலே மெல்லிய கெட்டிப் பூச்சு இருக்கும். அது தேய்ந்துவிட்டால் உள்ளே இருக்கும் உலோகம் சீக்கிரம் குழிந்து, வால்வு தான் உட்காரும் வளையமான சீட்டுக்குள் ஏறிக்கொண்டே போகும். எஃகு வால்வு போல அரைத்துச் சரிசெய்யவும் முடியாது. எங்கள் பக்கம் இது சீக்கிரமே நடக்கும். வெள்ளீயம் அலசி எடுத்துப் போட்ட பழைய மணல்மேட்டில்தான் பலரும் ஓட்டுகிறோம். பக்கத்திலேயே தென்னமரம் செம்பனைத் தோட்டம். அந்தப் பக்கத்துச் செம்மண் ரோடு வெயில் காலத்தில் தூளாகப் பறக்கும். ஏர் ஃபில்டர் ஃபோமில் எண்ணெய் காய்ந்தால் இத்தனையும் நேராக இன்டேக் வால்வுக்குத்தான் போகும்.

“ரேஸ் ஓடுறியா, சும்மா ஓட்டுறியா?” என்று கேட்டுவிட்டு, ஞாயிறு ஓட்டத்துக்கு ஸ்டீல் வால்வு போதும் என்றார். அது கொஞ்சம் கனம், அதனால் ஸ்பிரிங்கும் கெட்டியானதாகச் சேர்த்து மாற்ற வேண்டும், பழைய ஸ்பிரிங்கில் போடக் கூடாது. சீட்டைப் புது வால்வுக்குத் தக்கபடி வெட்ட இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டை வெளியே மெஷின் ஷாப்புக்கு அனுப்பினார். திரும்பி வந்ததும் நேராகப் பூட்டவில்லை. ஹெட்டைச் சாய்த்து வைத்து, போர்ட்டுக்குள் பெட்ரோல் ஊற்றி, மறுபக்கம் வால்வு ஓரத்தில் ஈரம் கசிகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தார். ஒரு சொட்டுகூட வரவில்லை. அதன் பிறகுதான் அசெம்பிள். ஹெட் கழன்றிருக்கும்போதே பிஸ்டனையும் மாற்றச் சொன்னார். ஹோண்டா மேனுவல் பந்தய ஓட்டத்துக்குச் சொல்வது சுமார் 15 மணி நேரத்துக்கு ஒரு பிஸ்டன். எனக்கு அவ்வளவு சீக்கிரம் தேவையில்லை, ஆனால் இதுவரை எவ்வளவு ஓடியிருக்கிறது என்று சொல்ல வண்டியில் ஹவர் மீட்டர்கூட இல்லை. மாற்றிக்கொண்டேன், மீட்டரும் வாங்கிப் பொருத்தினேன்.

கூலி 380 வெள்ளி (ரிங்கிட்), சாமான் தனி. சாமானுக்குக் கடை ரசீதையே காட்டினார். கழற்றிய வால்வுகளையும் பிஸ்டனையும் பையில் போட்டுக் கொடுத்தார். இப்போது சூடாக இருக்கும்போதும் ஓரிரு உதையில் பிடித்துக்கொள்கிறது.

குறையும் உண்டு. மெதுவான கடை. தோட்டத்து மோட்டார்கள்தான் அவருக்கு முதல். காலையில் அது இல்லாமல் ஒரு ஆள் வேலைக்குப் போக முடியாது என்பார், அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் சாமான் வந்துவிட்டதா என்று நாமேதான் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும், அவர் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார். இது மாறினால் நல்லது. ஃபோர்க் ஆயில் மாற்றுவார், பின்சக்கர ஷாக் செய்ய மாட்டார், அதில் நிரப்ப நைட்ரஜன் வசதி இல்லை.

போகிறவர்கள் சேற்றோடு கொண்டுபோகாதீர்கள், முதலில் கழுவச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார். இந்த வண்டிக்கு இன்ஜின் ஆயில் வேறு, கியர் ஆயில் வேறு. கடைசியாக இரண்டிலும் என்ன ஊற்றினீர்கள் என்று கேட்பார், தெரிந்துகொண்டு போங்கள். முந்தின நாள் மாலையிலேயே வண்டியை விட்டுவிடுங்கள், காலையில் முதல் வேலையாக அளந்துவிடுவார்.