உம்பிலோ ஆற்றுக்கு மார்க் போடும் நடை: மூன்று நட்சத்திரம்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் பைன்டவுனில், உம்பிலோ ஆற்றோரமாக இருக்கும் ‘பாரடைஸ் வேலி’ என்ற இயற்கைப் பூங்காவில் சனிக்கிழமைக் காலை நடை. ஒருவருக்கு 150 ராண்ட், டீயும் சமோசாவும் அதில் அடக்கம். நடத்துகிறவர்கள் பெயரைச் சொல்லப் போவதில்லை. கீழே கொஞ்சம் திட்டப்போகிறேன். ஆற்றோரமாக நடக்கவிட்டு, அந்த இடத்தால் நம் மனசுக்கு என்ன கிடைக்கிறது என்று அளந்து, நகரத் திட்டம் போடுகிறவர்களுக்குக் கொடுப்பார்களாம். பேத்தி டிக்கெட் வாங்கிவிட்டாள். சாட்ஸ்வர்த்திலிருந்து பக்கம்தானே என்று கிளம்பிவிட்டேன்.

நடையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அருவிச் சத்தம் கேட்கும்வரை யாரும் பேசக்கூடாது என்றார்கள். பேத்தி அவ்வளவு நேரம் வாயை மூடியிருந்ததற்கே 150 ராண்ட் தகும். சமோசா மட்டும் ஜில்லிட்டுப் போயிருந்தது.

வழிகாட்டிப் பெண் நன்றாக விளக்கினாள். 2005இல் வந்த ஐ.நா. மதிப்பீடு இயற்கையின் நன்மைகளை நான்காகப் பிரித்ததாம். உணவு, தண்ணீர் போலக் கைக்கு வருவது ஒன்று. வெள்ளத்தைத் தணிப்பது போன்றது இன்னொன்று. மண் உருவாவது போல அடியில் நின்று தாங்குவது மூன்றாவது. அழகு, பக்தி, நினைவு எல்லாம் நாலாவது. முதல் மூன்றுக்கு எப்படியோ கணக்குப் போட்டுவிடுகிறார்கள், நாலாவதில்தான் திண்டாட்டம்.

அந்தத் திண்டாட்டத்துக்கு இவர்கள் கண்ட வழி ஒரு ஆப். எங்கே நின்றோம், எங்கே போட்டோ எடுத்தோம், வந்துபோக என்ன செலவு என்று எல்லாம் பதிகிறது. போக்குவரத்துச் செலவை வைத்துப் பூங்காவின் மதிப்பைப் பிடிக்கும் யோசனையை 1947இலேயே ஹாரல்ட் ஹோட்டலிங் என்ற பொருளாதார அறிஞர் அமெரிக்கப் பூங்காத் துறைக்கு எழுதியிருக்கிறார். அப்படிப் பார்த்தால் பக்கத்தில் இருப்பதாலேயே என் ஆறு மலிவாகிவிடுகிறது.

அப்புறம் வந்தது அந்தக் கேள்வி: ஆறு சுத்தமாக இருக்க மாதம் எத்தனை ராண்ட் தருவீர்கள்? சைபர் போட்டேன். சாக்கடைக்குத்தான் மாதாமாதம் பில் கட்டுகிறேனே! உடனே என் திரையில் ‘மதிப்பு: குறைவு’ என்று வந்தது. கோபத்தில் போடும் இந்த மாதிரிச் சைபருக்கு இந்தத் துறையில் ‘எதிர்ப்புச் சைபர்’ என்றே பெயர் உண்டு. ஏன் போட்டீர்கள் என்று கேட்டுத் தனியாக எடுத்துவைக்க வேண்டும். ஆப் கேட்கவில்லை.

அதிகம் போட்டோ எடுத்த இடம் வரைபடத்தில் சிவப்பாகத் தெரிந்தது. அருவி ஒரே சிவப்பு, கீழ்க்கரை வெறும் வெள்ளை. வேப்பிலைக்குப் பதில் சிரிங்கா இலை செருகிய கும்பத்தில் தண்ணீர் மொள்ள வருகிறவர் போனைத் தூக்கிக்கொண்டா நிற்பார்?

பழைய வாட்டர்வொர்க்ஸ், அதாவது குடிநீர் நிலைய இடிபாட்டில் நின்று, 1905 வெள்ளம் இதை அடித்துப் போனது என்றாள் வழிகாட்டிப் பெண். அதே வெள்ளம்தான் கீழே கரையிலிருந்த நம் கோயிலையும் கொண்டுபோனது என்றேன். பெல்லேர் ரோட்டில் இன்று இருக்கும் செகண்ட் ரிவர் கோயில், அதாவது அம்பலவாணர் ஆலயம், அதன் தொடர்ச்சி. பாவம், அவள் கேள்விப்பட்டதே இல்லை.

கடைசியில் ஒரு மடக்கு மேஜை, பெரிய காகித வரைபடம், ஆளுக்குப் பத்து பாசிமணி. நமக்கு முக்கியமான இடத்தில் வைக்க வேண்டும். வழிபாட்டுக்கு மஞ்சள், நினைவுக்கு நீலம். மூன்று மணியை அருவியில் வைத்தேன். மீதி ஏழும் கோயில் இருந்த கரைக்கு. அது வரைபடத்திலேயே இல்லை, காகிதம் அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. மேஜைப் பலகைமேல் வைத்தேன்.

“ஆன்ட்டி, அது மேப்புக்கு வெளியே.”

“கோயில் அங்கேதானே இருந்தது, கண்ணு.”

வழிகாட்டிப் பெண் கொஞ்சம் யோசித்தாள். நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து ஓரத்தில் ஒட்டி, பேனாவால் ஆற்றைக் கீழே இழுத்தாள். மஞ்சளா நீலமா என்று கேட்டாள். இரண்டும்தான் என்றேன், கலந்து வைக்க விட்டாள். பக்கத்தில் நின்ற ஜூலு அம்மா ஒருவர், தன் சபையார் ஞானஸ்நானத்துக்கு இறங்கும் இடமும் கீழேதான் என்று சொல்லி, அருவியில் வைத்திருந்த மணிகளை எடுத்து அந்தப் புதுத் தாளுக்கு மாற்றினார்.

ஆப்புக்கு ஒரு நட்சத்திரம், மேஜைக்கு ஐந்து. போகிறவர்கள் போனைப் பைக்குள் வைத்துவிட்டு நேராக மேஜைக்குப் போங்கள். பேத்தி அடுத்த மாதத்துக்கும் டிக்கெட் போட்டிருக்கிறாள். இந்தத் தடவை சமோசாவை நானே பொரித்து எடுத்துப்போகிறேன்.