திருகோணமலையில் உள்ளக மென்பந்து அரங்கு: சிறுவர் சுற்றுப்போட்டிக்கு எடுக்கலாமா?

வாடைமழை இறங்கினால் திறந்த மைதானத்தில் சிறுவர் போட்டி வைக்க வழியில்லை. கச்சான் எனும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களிலோ காலை பத்து மணிக்குப் பிறகு பிள்ளைகளை வெயிலில் நிறுத்தவே முடியாது. அதனால் நகரை அண்டியிருக்கும் இந்தத் தகரக்கூரை மென்பந்து (ரெனிஸ் பந்தில் ஆடும் கிரிக்கெட்) அரங்கைக் கழகங்களும் பெற்றோர் குழுக்களும் தேடிப்போகின்றன. சுருக்கமாகச் சொன்னால், ஆடுகளம் முதல்தரம். நாள் முழுக்கப் பிள்ளைகளை வைத்திருக்க ஏற்ற இடம் அல்ல. வேலை முடிந்து வரும் பெரியவர்கள் ஒரு மணித்தியாலம் விளையாடிவிட்டுப் போவதற்காகக் கட்டியது இது. சுற்றுப்போட்டிக்கு எடுப்பவர்கள் அந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்டு எடுக்க வேண்டும்.

களம் ஏறக்குறைய 30 மீற்றர் நீளம், 11 மீற்றர் அகலம். மேல்வலை நாலரை மீற்றர் உயரத்தில் இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறது. வலைக்கண் 5 சென்ரிமீற்றர், ரெனிஸ் பந்தோ ஆறரைக்கு மேல் விட்டம் உள்ளது, ஆகவே பந்து வெளியே பாயாது. வலைக்கும் இரும்புத் தூணுக்கும் இடையில் ஒரு கை நீளம் விட்டிருக்கிறார்கள். பந்தை விரட்டி ஓடும் பிள்ளை வலையில் மோதினாலும் தூணில் அடிபடாது. தூண்களுக்கு ஆள் உயரம் வரை பஞ்சுறையும் உண்டு. பல இடங்களில் செலவு மிச்சம் பிடிக்க விட்டுவிடும் விஷயம் இது. இங்கே செய்திருக்கிறார்கள், மனதாரப் பாராட்ட வேண்டும்.

ஆனால் வலையைக் கிட்டப்போய்ப் பாருங்கள். அறுந்த இடங்களைக் கேபிள் டை போட்டு இழுத்திருக்கிறார்கள். டையின் வாலைக் குறட்டால் சரிவாக வெட்டியதால் நுனி ஊசிபோல நிற்கிறது, அதுவும் பத்து வயதுப் பிள்ளையின் கன்னம் உரசும் உயரத்தில். போட்டிக்கு முன் ஒருவர் நகவெட்டியோடு ஒரு சுற்று வந்து நுனிகளை ஒட்ட வெட்டி, முடிச்சை வெளிப்பக்கம் திருப்பிவிட்டால் போதும், பத்து நிமிட வேலை. கடற்காற்று இங்கே இரும்பைத் தின்றுவிடும். மேல்வலையைத் தாங்கும் கம்பியின் இறுக்கிகளில் துரு பொரிந்து உதிர்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். கம்பி தளர்ந்தால் மேல்வலை நடுவில் தொய்யும். பிறகு உயர எழும் பந்தெல்லாம் அதில் பட்டு விழ, பிடியா இல்லையா என்று வாக்குவாதம் தொடங்கும்.

தரை சீமெந்து, அதன்மேல் செயற்கைப் புல்விரிப்பு. இரண்டு விரிப்புகள் சேரும் பொருத்து பந்துவீசும் முனையில் லேசாகக் கிளம்பியிருக்கிறது. கூரைச் சூட்டில் பசை இளகுவதுதான் காரணம். அதற்குத் துணி நாடா ஒட்டுங்கள். பிளாஸ்ரிக் நாடா வியர்வை பட்டதும் வழுக்கும். சப்பாத்து தட்டையான றப்பர் அடியாக இருக்க வேண்டும், முள் வைத்ததை உள்ளே விடமாட்டார்கள், அது சரியான விதி.

வெள்ளைக்கோடுகள் 22 யார் (கெஜம்) தூரத்துக்குத்தான் போடப்பட்டிருக்கின்றன. சின்னப் பிள்ளைகளுக்கு அது கூடிய தூரம், பந்து இரண்டு தரம் குத்தி உருண்டு போகும். பத்து வயதுக்குட்பட்டோருக்கு 16 யார், பன்னிரண்டுக்குட்பட்டோருக்கு 18 யார் என்று சோக்கால் புதிய கோடு போட்டு, பந்துவீசும் பக்கத்து விக்கெட்டை முன்னே கொண்டுவாருங்கள். விக்கெட்டுகள் சுருள்வில் அடித்தட்டில் நிற்பதால் நகர்த்துவது சுலபம்.

அரங்கு தரும் பந்துகளை நம்ப வேண்டாம். சொரசொரப்பான சீமெந்தில் உரோமம் தேய்ந்து, உள்ளே காற்றழுத்தம் இறங்கியவைதான் கூடையில் கிடக்கும். நல்ல ரெனிஸ் பந்தை 254 சென்ரிமீற்றர் உயரத்திலிருந்து வெறும் சீமெந்தில் விட்டால் 135 முதல் 147 வரை எழும்ப வேண்டும். அளவுகோல் இல்லாவிட்டால் நெற்றி உயரத்திலிருந்து விட்டுப் பாருங்கள், பாதி உயரத்துக்குக் கொஞ்சம் மேலே வந்தால் எடுக்கலாம். ஒரு ஆட்டத்துக்கு ஒரு புதுப்பந்து, கைவசம் இன்னொன்று என்று கணக்குப் போடுங்கள்.

வெளிச்சம் போதுமானது, அமைப்பில்தான் பிசகு. எல்ஈடி விளக்கு ஒன்று பந்துவீச்சாளரின் கைக்கு நேர் பின்னால் தொங்குகிறது, துடுப்பாடும் பிள்ளைக்குக் கண் கூசும். அந்த ஒன்றை மட்டும் அணைக்கச் சொன்னால் அணைப்பார்கள். பின்சுவரும் வெளிறிய பச்சை. மஞ்சள் பச்சைப் பந்து அதில் கலந்து மறைகிறது. கருநீலத் துணி ஒன்றைக் கொண்டுபோய்ப் பின்வலையின் வெளிப்பக்கம் கட்டினால் பிள்ளைகள் பந்தைக் கண்டு அடிப்பார்கள்.

சூடுதான் பெரிய குறை. கச்சான் காலத்தில் வெளியே 35 பாகையைத் தொடும்போது தகரத்தின் கீழே அதைவிட மோசம். மேற்குப் பக்கத்துச் சட்டர்களைத் திறந்தால் அனல்காற்று நேரே உள்ளே வரும். அவற்றை மூடிக் கிழக்குப் பக்கத்தைத் திறக்க வேண்டும். நிலத்தில் வைக்கும் பெரிய காற்றாடிகளைக் களத்தை நோக்கித் திருப்பினால் ரெனிஸ் பந்து திசை மாறும், ஆகவே அவை காத்திருக்கும் பிள்ளைகள் பக்கம் பார்த்து நிற்கட்டும். ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வயதுப் பிள்ளை விளையாடும்போது இருபது நிமிடத்துக்கு ஒருமுறை 100 முதல் 250 மில்லிலீற்றர் தண்ணீர் குடிக்க வேண்டும். தாகம் எடுத்தால் குடிக்கட்டும் என்று விடக்கூடாது. கன்ரீனில் சோடாவும் ரோல்ஸும்தான் கிடைக்கும். தோடம்பழம், இளநீர், ஐஸ் பெட்டி எல்லாம் நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும்.

மழைக்காலத்தில் சூடு இல்லை, இரைச்சல் உண்டு. தகரத்தில் மழை அறைந்தால் நடுவர் ‘நோ போல்’ என்று கத்துவது யாருக்கும் கேட்காது. விசிலும் கைச்சைகையும் என்று முதலே பேசிக்கொள்ளுங்கள். கூரை ஆணித் துளைகள் வழியே இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. நல்லவேளை, இரண்டும் ஆடுகளத்துக்கு வெளியே.

பெரும்பாலான ஏற்பாட்டாளர்கள் சறுக்குவது நேரக்கணக்கில். அணிக்கு ஆறு பேர், ஆறு ஓவர் என்று வைத்தால் மூன்று சோடிகள் இரண்டிரண்டு ஓவர் துடுப்பாடலாம், ஒவ்வொரு பிள்ளையும் ஒரு ஓவர் வீசலாம். ஆட்டமிழந்தாலும் வெளியேறாமல் ஓட்டம் மட்டும் கழியும் உள்ளக முறை சிறுவருக்கு அருமையானது. முதல் பந்திலேயே போல்டாகி மூலையில் குந்தியிருக்கும் பிள்ளை இதில் இல்லை. முழு விதியில் ஒரு விக்கெட்டுக்கு 5 ஓட்டம் கழிப்பார்கள். சின்ன வயதினருக்கு 3 போதும், இல்லாவிட்டால் மொத்தம் பூச்சியத்துக்குக் கீழே போய்ப் பிள்ளைகள் சோர்ந்துவிடும். வைட் பந்துக்கு 2 ஓட்டம் கொடுங்கள், மறுபந்து வேண்டாம். அப்போது ஓவருக்கு நான்கு நிமிடம், இடைவேளையும் அணி மாற்றமும் சேர்த்து ஆட்டத்துக்கு ஒரு மணித்தியாலம்.

களம் ஒன்றுதான். எட்டு அணிகளை இரண்டு குழுவாகப் பிரித்தால் குழு ஆட்டம் 12, அரையிறுதி 2, இறுதி 1, ஆக 15 மணித்தியாலம். அது ஒரே நாளில் முடியாது. ஆறு அணிகளை மும்மூன்றாகப் பிரித்தால் இறுதியோடு 7 ஆட்டம். காலை ஆறரைக்குத் தொடங்கினாலும் பகல் ஒன்றரை ஆகும். மழைக்காலத்தில் சமாளிக்கலாம், கச்சானில் வேண்டாம். அந்த மாதங்களில் நான்கு அணி, நான்கு ஆட்டம், பத்தரைக்கு வீடு. மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் வரும் அணிகளின் முதல் ஆட்டத்தைப் பின்னுக்குப் போடுங்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ, ஞாயிறு காலை தேவாலயமும் அறநெறியும், சனி ரியூசன். போயா (பௌர்ணமி) விடுமுறைகளில்தான் எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து வர முடிகிறது.

பெற்றோர் இருக்க வலையோரம் ஒரு வாங்கு வரிசை. அதில் முதுகைச் சாய்த்தால் வலை உள்ளிருந்து உப்பி வந்து தலையில் அடிக்கும். வாங்குகளை ஒன்றரை மீற்றர் பின்னே தள்ளுங்கள். பெண்பிள்ளைகளுக்குத் தனி மலசலகூடம் உண்டு, உட்தாழ்ப்பாள் சரியில்லை. உடைமாற்ற இடமே இல்லை.

மென்பந்துதானே என்று கண்ணை அலட்சியம் செய்ய வேண்டாம். கிட்டத்தில் அடித்த ரெனிஸ் பந்து கண்ணில் பட்டால் உள்ளே இரத்தம் கசியலாம். கசக்காமல், அழுத்தாமல், பிள்ளையைத் தலை நிமிர்த்தி இருத்தி உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். 1990 அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். அரங்கில் முதலுதவிப் பெட்டி இருக்கிறது, ஐஸ் இல்லை.

வாடகை மணித்தியாலக் கணக்கு, இரவில் விளக்குக்குத் தனி, கறன்ட் போனால் ஜெனரேற்றர் டீசலுக்கும் தனி. முற்பணம் கட்டுமுன் மூன்றை எழுத்தில் வாங்குங்கள்: கறன்ட் போன நேரம் வாடகையில் கழியுமா, ஆட்டம் இழுபட்டால் அடுத்த பதிவுக்காரர் எத்தனை நிமிடம் பொறுப்பார், முதல்நாள் மாலை நாடாவும் துணியும் கட்ட அரை மணித்தியாலம் உள்ளே விடுவார்களா. கேட்டால் மூன்றுக்கும் இணங்குகிறார்கள், கேட்காவிட்டால் எதுவும் கிடையாது.