மதுரை வெயிலில் ஓய்வு மூலை: தேக்கு ஈஸிசேர் ஒரு மதிப்பீடு

மதுரையில் வீட்டின் ஒரு மூலையை ஓய்வுக்கென ஒதுக்க நினைப்பவர், மெத்தை போட்ட சோபாக்களைப் பார்க்கக் கடைக்குப் போவதற்கு முன் சித்திரை மாதத்துப் பிற்பகல் ஒன்றை மனத்தில் கொண்டுவந்து பார்த்துவிடுவது நல்லது. ஏப்ரல், மே மாதங்களில் வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸைத் தொடுவது இங்கே புதிய செய்தியல்ல. அந்த வெயிலில் ஸ்பாஞ்சும் ரெக்சினும் உடம்பின் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு உடம்புக்கே திருப்பித் தரும். எவ்வளவு மெத்தென்று இருந்தாலும், முதுகுக்குப் பின்னால் காற்று நுழையாத இருக்கையில் சட்டை நனையாமல் அரை மணி நேரம் சாய்ந்திருக்க முடியாது. இதைக் கருத்தில் கொண்டு, தெப்பக்குளம் பக்கத்தில் உள்ள சிறிய தச்சுப் பட்டறை ஒன்றில் சொல்லிச் செய்து வாங்கிய ஈஸிசேரை, கோடையும் மழையும் பார்த்த பிறகு இங்கே மதிப்பிடுகிறேன்.

பொருள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். குறுக்காகப் பூட்டிய இரண்டு மரச் சட்டங்கள், மேலும் கீழுமாக இரண்டு கம்புகள், அவற்றில் மாட்டித் தொங்கும், ஆள் நீளத்துக்குச் சற்றுக் குறைவான கித்தான் என்னும் முரட்டுத் துணி. பின்பக்கத்தில் சாய்வைக் கூட்டவும் குறைக்கவும் மூன்று வெட்டுகள். தாத்தாக்கள் இருந்த வீடுகளில் இது வாசல் வராந்தாவின் நிரந்தர உறுப்பினராக இருந்தது. மேல்கம்பை உருவிவிட்டு ஒளிந்துகொண்டு, யார் விழப்போகிறார்கள் என்று காத்திருந்த பேரப்பிள்ளைகள் இன்று ஐம்பதைத் தாண்டியிருப்பார்கள். பிளாஸ்டிக் நாற்காலியும் சோபாவும் வந்த பிறகு இது பரணுக்குப் போனது. இப்போது கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் இரும்புக் குழாயில் நைலான் துணி கோத்தவை. அவற்றின் விலை குறைவு. ஆனால் குழாயின் வளைவில் துரு பிடிக்கும், நைலான் வியர்வையை உறிஞ்சாது. ஆகவே அவற்றை நான் கணக்கில் எடுக்கவில்லை.

பட்டறையில் மூன்று விதமான மரத்தில் செய்து தருவதாகச் சொன்னார்கள்: வேம்பு, வாகை, தேக்கு. வேம்பு மலிவு, பூச்சியும் எளிதில் அண்டாது; ஆனால் நன்றாகக் காயாத வேப்பம்பலகை பின்னால் முறுக்கிக்கொள்ளும். மடக்கி விரிக்கும் ஒரு பொருளில் சட்டம் முறுக்கினால் பூட்டு இறுகிச் சிக்கத் தொடங்கிவிடும். தேக்குக்கு அந்தக் குணம் குறைவு என்பதும், அதன் எண்ணெய்ப்பசை கரையானைத் தள்ளி வைக்கும் என்பதும்தான் கூடுதல் விலைக்கு நியாயம். தேக்கு என்று சொன்னாலே போதாது. மரத்தின் நடுவில் உள்ள வைரம் பாய்ந்த பகுதிக்கு மட்டுமே அந்தக் காப்பு உண்டு; ஓரத்தில் வெளிறித் தெரியும் வெள்ளைப் பகுதியை வண்டு துளைத்துவிடும். பட்டறைக்காரர் சட்டத்தைத் திருப்பிக் காட்டி, "பாத்துக்கங்கண்ணே, வெள்ளை ஒரு விரக்கடைகூட இல்ல" என்றார். உண்மையில் பின்காலின் உட்பக்கத்தில் மெல்லிய கோடாக வெள்ளை இருந்தது. சுட்டிக்காட்டியதும் மறுபேச்சில்லாமல் அந்தச் சட்டத்தை மாற்றிக் கொடுத்தார். வாங்குபவர்கள் பாலிஷ் அடிப்பதற்கு முன்பே ஒருமுறை போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். கருஞ்சிவப்புப் பாலிஷ் ஏறிவிட்டால் வெள்ளையும் வைரமும் ஒரே நிறமாகிவிடும்.

மூட்டுகளைப் பற்றிக் குறை சொல்ல எதுவுமில்லை. குறுக்குச் சட்டங்களின் முனையைச் செதுக்கி நெடுஞ்சட்டத்தின் துளைக்குள் இறக்கி, மேலே மர ஆணி அடித்திருக்கிறார்கள். ஒட்டுப்பசையை மட்டும் நம்பிய வேலையாக இல்லை. சட்டங்கள் குறுக்கிடும் இடத்தில் போட்ட போல்ட்டுக்கு இருபுறமும் வாஷர் வைத்திருப்பதால் மரம் தேயவில்லை. மழைக்காலத்தில் மரம் சற்று ஊதியபோது கிறீச்சென்ற சத்தம் வந்தது, மெழுகுவர்த்தியைத் தேய்த்ததும் நின்றது. கைச்சட்டம் நான்கு விரல் அகலம். டம்ளரை வைத்தால் நிற்கும், டவராவோடு வைத்தால் நிற்காது. அரை அங்குலம் கூட்டி வைக்கச் சொல்லியிருந்தால் செய்து தந்திருப்பார்கள், நீங்கள் சொல்லுங்கள்.

இந்த நாற்காலியின் உயிர் துணியில்தான் இருக்கிறது. இதை விற்பவர்கள் மரத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள், துணியைப் பற்றிக் கேட்டால் "நல்ல துணிதான்" என்று முடித்துவிடுவார்கள். பருத்திக் கித்தானில் நெசவு இடைவெளி வழியாகக் காற்று போகும், வியர்வை உறிஞ்சப்பட்டு ஆவியாகும். அந்த ஆவியாதல்தான் முதுகைக் குளிர்விக்கிறது. அதே பருத்திக்கு இரண்டு கெட்ட குணங்கள் உண்டு. முதல் சலவையில் சுருங்கும், பிறகு ஆள் பாரத்தில் மெல்ல மெல்ல இழுபட்டுத் தொய்யும். தொய்ந்த துணியில் உட்கார்ந்தால் இடுப்பு கீழே இறங்கி, முன்கம்பு தொடையின் அடியில் அழுத்தி, சிறிது நேரத்தில் கால் மரத்துப்போகும். பட்டறையில் நாற்காலியோடு கொடுத்த துணி மெல்லியது. இரண்டாவது மாதத்திலேயே இந்த நிலைக்கு வந்துவிட்டது. இந்த மதிப்பீட்டில் மதிப்பெண் குறைப்பதென்றால் இங்கேதான் குறைப்பேன்.

மாற்றுத் துணியை விளக்குத்தூண் பகுதி ஜவுளிக் கடைகளில் தேடி, கனமான, வரி போட்ட பருத்திக் கித்தானாக வாங்கினேன். ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளம் எடுத்தால், இரு முனையிலும் கம்பு நுழைய மடித்துத் தைத்த பிறகு சரியாக இருக்கும். வெட்டும்போது பாவு நூல், அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல், நாற்காலியின் நீளவாக்கில் வரவேண்டும். குறுக்கே ஓடும் ஊடை நூல் பொதுவாகப் பாவைவிட அதிகம் இழுபடும் என்பதால், குறுக்கே வெட்டிய துணி சீக்கிரம் தொய்யும். நெசவாளர்கள் நிறைந்த இந்த ஊரில் இதைச் சொல்லித் தருவதற்கு ஆளுக்குப் பஞ்சமில்லை. தைப்பதற்கு முன் துணியை இரவு முழுதும் தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்தால், சுருங்க வேண்டியது அப்போதே சுருங்கிவிடும். சட்டை தைக்கும் தையற்காரர் இந்தக் கனத்தைக் கையில் வாங்கியதுமே ஊசி உடையும் என்று திருப்பித் தந்துவிடுவார். பை தைப்பவர்களும் பந்தல் துணி தைப்பவர்களும்தான் இதற்குச் சரியானவர்கள். நைலான் நூலில் இரட்டைத் தையல் போடச் சொல்ல வேண்டும். இப்படி இரண்டு துணிகளைத் தைத்து வைத்துக்கொண்டால், ஒன்று சலவையில் இருக்கும்போது மற்றது நாற்காலியில் இருக்கும். சோபாவின் உறையைக் கழற்றித் துவைக்க யாருக்கு மனம் வருகிறது? இங்கே கம்பை உருவினால் வேலை முடிந்தது.

நாற்காலியை எங்கே போடுவது என்பதும் நாற்காலியின் தரத்துக்குச் சமமான கேள்வி. எங்கள் வீடு மாடியில், மேலே மொட்டைமாடி. வெயில் காய்ந்த கான்கிரீட் தளம் பகல் முழுதும் வாங்கிய சூட்டை இரவு பத்து மணி வரைக்கும் அறைக்குள் இறக்கிக்கொண்டிருக்கும். மேற்குச் சுவரும் அதே வேலையைப் பக்கவாட்டிலிருந்து செய்யும். எனவே மேற்குச் சுவரை ஒட்டிய மூலை எவ்வளவு வசதியாகத் தெரிந்தாலும் அதைத் தவிர்த்து, வடக்கு ஜன்னலுக்கு இரண்டடி தள்ளிப் போட்டிருக்கிறேன். வடக்கு ஜன்னலில் நேர்வெயில் குறைவு, வாசிக்க வெளிச்சம் மட்டும் வரும். ஆடிக் காற்றில் தூசியும் சேர்ந்து வரும், அதற்குக் கொசுவலைச் சட்டம் ஓரளவு தடுப்பு. இன்னொன்று, சீலிங் ஃபேனுக்கு நேர் கீழே போடுவது மாடி வீடுகளில் பயன்படாது. தளத்தின் அடியில் தேங்கிய சூடான காற்றைத்தான் அது தலைமேல் இறக்கும். ஜன்னலோரம் வைத்த மேஜை ஃபேன், மாலையில் வெளிக்காற்று குளிர்ந்ததும் அதை உள்ளே இழுத்துத் தரும். வீட்டில் பழைய சீலிங் ஃபேன்தான் இருக்கிறது, மாற்றப்போகிறோம் என்பவர்கள் பிஎல்டிசி (மின்சாரத்தை மிச்சப்படுத்தும், பிரஷ் இல்லாத மோட்டார்) வகையைப் பார்க்கலாம். பழைய ஃபேன் முழு வேகத்தில் 70 முதல் 75 வாட் எடுக்கும் இடத்தில் இது 30 வாட் அளவில் ஓடும்.

வெட்டிவேர் தட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. சென்னையில் இருக்கும் உறவினர்கள் அதனால் பயனில்லை என்பார்கள். அவர்கள் ஊரில் அது உண்மைதான். கடற்கரைக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால், தட்டியில் தெளித்த தண்ணீர் ஆவியாவதற்கு இடமில்லை. மதுரையின் கோடைப் பிற்பகல் வறண்டது, ஆகவே இங்கே ஜன்னலில் தொங்கவிட்டுத் தண்ணீர் தெளித்தால் வரும் காற்று கையில் தெரியும் அளவுக்குக் குளிர்கிறது. மானாமதுரை மண்பானையில் தண்ணீர் சில்லென்று ஆவதும் இதே விதிப்படிதான். ஐப்பசி மழை தொடங்கியதும் இரண்டுமே அடங்கிவிடும். அப்போது தட்டியைக் கழற்றி நன்றாக உலர்த்தி எடுத்து வைக்காவிட்டால் பூஞ்சை பிடித்து வீடு முழுதும் முடைநாற்றம் வீசும்.

தலையணைக்கு இலவம் பஞ்சைத் தவிர வேறு எதையும் பரிந்துரைக்க மாட்டேன். போடிப் பக்கத்திலிருந்து வரும் பஞ்சு மதுரைக் கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறது. அதன் இழை உள்ளே வெற்றிடமாக, வெளியே மெழுகுப் பூச்சோடு இருப்பதால் எடையே தெரியாது. கழுத்துக்குச் சிறிய உருளைத் தலையணையாகத் தைத்து, நாற்காலியின் மேல்கம்பில் நாடா போட்டுக் கட்டிவிட்டால் நழுவாது. மாதம் ஒருமுறை வெயிலில் போட்டுத் தட்ட வேண்டும். விளக்கைப் பொறுத்தவரை, கூடத்தில் எரியும் வெள்ளை டியூப் லைட் 6500 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு, எண் குறைந்தால் ஒளி மஞ்சளாகும்) அளவில் கண்ணைக் கூசவைக்கும். இரவில் படிப்பதற்கு 2700 அல்லது 3000 கெல்வின் என்று பெட்டியில் அச்சிட்ட மஞ்சள் எல்இடி பல்பைத் தோளுக்குப் பின்னால் வருமாறு வைத்தால் போதும். காலடியில் ஒரு கோரைப் பாய். வாசனை மெழுகுவர்த்தி, செயற்கைக் கொடி, சுவரில் ஒட்டும் வாசகங்கள் போன்றவற்றைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. தெருமுனைக் கோயிலில் கூழ் ஊற்றும் வாரத்தில் ஒலிபெருக்கி அலறும்போது இந்த மூலைக்குப் போவதைத் தள்ளிப்போடுவதே நல்லது. அதற்கு மருந்து எந்தப் பட்டறையிலும் செய்வதில்லை.

மாற்றாகப் பார்த்தவற்றில் பீன் பேக் முதல் பார்வையிலேயே தள்ளுபடியானது: உள்ளே தெர்மோகோல் மணிகள், அதாவது வெப்பத்தை வெளியேற விடாத பொருள், உடம்பைச் சுற்றிலும் அணைத்துக்கொள்கிறது. பிரம்பு நாற்காலியில் காற்றோட்டம் நன்று, ஆனால் நீண்ட நேரம் சாய்ந்திருந்தால் முதுகில் தடம் பதிகிறது. ஊஞ்சலுக்கு இணை எதுவுமில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்குத் தளத்தில் கொக்கி போட வேண்டும், அந்தக் கொக்கி கட்டும்போதே கம்பியோடு சேர்த்துக் கட்டியதாக இருக்க வேண்டும், நாங்கள் வாடகைக்கு இருப்பவர்கள்.

தேக்குச் சட்டத்துக்கும் முதல் துணிக்குமாகக் கொடுத்தது 6,500 ரூபாய். வேம்பில் என்றால் இதில் பாதியை ஒட்டி வரும் என்றார்கள். சொன்ன தேதிக்கும் கைக்கு வந்த தேதிக்கும் இடையே நல்ல இடைவெளி இருந்தது. சித்திரைத் திருவிழா நெருங்கும் நேரத்தில் மதுரையில் எந்தப் பட்டறையிலும் வேலை நகராது. மாசி மாதத்திலேயே முன்பணம் கொடுத்துவிடுவது புத்திசாலித்தனம்.

இது எல்லோருக்குமான இருக்கை அல்ல. சாதாரண நாற்காலியின் உயரம் 18 அங்குலத்தை ஒட்டி இருக்கும். இதன் முன்கம்பு 15 அங்குலத்தில் இருக்கிறது, துணியில் உட்கார்ந்ததும் இன்னும் கீழே போய்விடுகிறோம். முழங்கால் வலி உள்ள என் அம்மாவால் இதிலிருந்து கை கொடுக்காமல் எழ முடியவில்லை. மடியில் மடிக்கணினியை வைத்து வேலை பார்க்க நினைப்பவருக்கும் இது உதவாது, கழுத்து முன்னால் வளைந்து வலி எடுக்கும். சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டில், மடக்கும் சட்டங்களுக்கு இடையே விரல் சிக்கும் அபாயம் இருப்பதால், பயன்படுத்தாத நேரத்தில் மடக்கிச் சுவரில் கொக்கி போட்டு மாட்டிவிட வேண்டும். அம்மாவுக்காக அதே பட்டறையில் முன்கம்பை மூன்று அங்குலம் உயர்த்தி, சாய்வைக் குறைத்து, கைச்சட்டத்தை முன்னால் நீட்டி இன்னொன்று செய்யச் சொல்லியிருக்கிறோம். கூடுதல் மரத்துக்கு ஐந்நூறு ரூபாய்தான் கேட்டார்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் முதல் ஆர்டரிலேயே இந்த அளவைச் சொல்லிவிடலாம்.